காயங்களைக் காட்டிய பிறகு

எங்கள் வீட்டுப் பங்கர் பின்வளவில், பலா மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்தது. அப்பாவும் ஒழுங்கைப் பெடியன்களும் சேர்ந்து வெட்டியது. மேலே தென்னங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அவற்றின் மேல் மண் நிரப்பிய உரப்பைகளைப் போட்டிருந்தார்கள். இறங்குவதற்கு மண்ணிலேயே வெட்டிய படிகள். மாரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கோடையில் தேள் வரும். எங்கள் ஊரான மானிப்பாயில் அநேகமாக ஒவ்வொரு வளவிலும் அப்படி ஒன்று இருந்தது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கில்தான் படித்தோம். வானத்தில் இரைச்சல் கேட்டால் விளக்கை நூர்த்துவிட்டு ஓடுவோம். சத்தத்தை வைத்தே வருகிற விமானம் சியாமாசெட்டியா, புக்காராவா, சகடையா என்று சொல்ல என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1995இல் எனக்குப் பதினைந்து வயது.

பங்கருக்குள் இறங்கியதும் அம்மா 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்குவார். சுற்றியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டாலும் கடவுளை நம்பியவனைத் தீங்கு தொடாது என்று உறுதி சொல்கிற சங்கீதம் அது. சித்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பார். அம்மம்மா மட்டும் காலை நீட்டி, மண்சுவரில் சாய்ந்தபடி ஒன்றும் பேசாமல் இருப்பார். ஒருநாள் குண்டு எங்கேயோ விழுந்து நிலம் அதிர்ந்து ஓய்ந்தது. "தோத்திரம் ஆண்டவரே, எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றார் சித்தி. இருட்டுக்குள்ளிருந்து அம்மம்மாவின் குரல் வந்தது. "அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. சத்தம் சங்குவேலிப் பக்கம் கேட்டது. அங்கையும் சனம் இருக்கு. அவைக்காகக் கேள்."

அதன்பிறகு எங்கள் பங்கர் ஜெபம் மாறியது. குண்டு விழுந்த திசையைக் கணித்து, அந்தத் திசையில் இருப்பவர்களுக்காக ஜெபித்தோம். பயம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். பல்லு கிட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் குழிக்குள் இருந்த எங்களுடைய மனம் குழியை விட்டு வெளியே போகப் பழகியது. கடவுளின் சமாதானம் என்று ஒன்று உண்டானால் அதன் முதல் அடையாளம் இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தன்னுடைய கூரையோடு முடிந்துவிடுகிற நிம்மதி, அடுத்த வீட்டின் அழிவிலும் தோத்திரம் சொல்லிவிடும்.

அந்த வருடம் ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' என்ற நடவடிக்கையைத் தொடங்கியிருந்தது. வலிகாமத்தின் கிராமங்களிலிருந்து சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நவாலிப் பக்கம் வந்திருந்தது. கோயிலும் தேவாலயமும் பாதுகாப்பு என்று நம்பி, புனித பேதுரு பவுல் தேவாலயத்திலும் அதற்கு அண்மையில் இருந்த சின்னக்கதிர்காம முருகன் ஆலயத்திலும் தங்கியிருந்தார்கள். பின்னேரம் விமானப்படை அந்த இடத்தில் குண்டுகளைப் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குழந்தைகளும் அதில் நிறையப் பேர்.

நவாலி எங்களுக்கு அடுத்த ஊர். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். காயப்பட்டவர்களைக் கிடைத்த வாகனத்திலெல்லாம் ஏற்றினார்கள்; அப்பாவின் சைக்கிள் கரியரும் அதில் ஒரு வாகனம். இருட்டிய பிறகு திரும்பி வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக அள்ளி சைக்கிளைக் கழுவினார். கரியர் கம்பிகளுக்கிடையில் தேங்காய்ப் பொச்சை விட்டுத் தேய்த்தார். கழுவி முடிந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். கண்டது எதையும் எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

அன்றிரவு அம்மா 91ஆம் சங்கீதம் சொல்லவில்லை. அந்தத் தேவாலயத்துக்குள் இருந்தவர்களும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்? கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மனதுக்குள் கேட்காத வீடு மானிப்பாயில் இருந்திருக்காது. அம்மம்மா வேதாகமத்தை எடுத்து என்னிடம் தந்து 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். அந்தச் சங்கீதம் துதியில் முடிவதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்த ஒருவன் கடைசிவரை இருட்டுக்குள்ளேயே நிற்கிறான். வாசித்து முடித்து அம்மம்மாவைப் பார்த்தேன். "இதுவும் வேதத்திலைதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

பிற்காலத்தில் சுவிசேஷத்தைக் கவனமாகப் படித்தபோது இன்னொன்றைக் கண்டேன். 91ஆம் சங்கீதத்தின் வாக்குறுதியை இயேசுவுக்கு எடுத்துச் சொல்பவன் சோதனைக்காரன். ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று அவன் அந்தச் சங்கீதத்தைத்தான் காட்டுகிறான். இயேசு அதை ஒரு காப்புறுதிப் பத்திரமாக எடுத்துக்கொள்ள மறுத்துவிடுகிறார். சங்கீதம் பொய் என்று அவர் சொல்லவில்லை. தப்பிப்பதை வைத்துத் தகப்பனை அளக்க மாட்டேன் என்று சொல்கிறார். சிலுவையில் அவரைத் தாங்க ஒரு தூதனும் வரவில்லை.

ஒக்டோபரில் இராணுவத்தின் 'ரிவிரச' நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி பின்னேரம், வலிகாமத்தில் உள்ள எல்லோரும் உடனே வெளியேறித் தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று விடுதலைப்புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் வீதிக்கு இறங்கியது. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையை அம்மா தோளில் போட்டார். அப்பா அதே சைக்கிளின் கரியரில் அம்மம்மாவை இருத்தி உருட்டினார். செம்மணியும் நாவற்குழிப் பாலமும் தாண்டவேண்டும். இரண்டு பக்கமும் வெளியும் உப்புத் தண்ணீரும், நடுவில் சனம். ஒரு அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்கவேண்டும். மழை கொட்டியது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து, தேங்கிய மழைநீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். எங்கள் குடையில் நிறைந்ததை முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு அம்மா கொடுத்தார். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு, மிச்சத்தைத் தனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு நீட்டினார். வயோதிபர்கள் சிலர் அந்த வீதியிலேயே உயிர்விட்டார்கள். அவர்களை அடக்கம் பண்ணக்கூட இடமில்லை.

விடியப்புறம் பாலத்துக்குக் கிட்ட நின்றபோது அம்மம்மா திடீரென்று அப்பாவைக் கேட்டார். "தம்பி, சோனகத்தெருச் சனத்தை அனுப்பினதும் இண்டையப்போலை ஒரு நாள்தானே?" அப்பா தலையை ஆட்டினார். 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இயக்கம் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து, வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுப் போகச் சொன்ன நாள். நாங்கள் வீட்டை விட்டு இறங்கிய நாளுக்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு. மழைக்குள் அம்மம்மா வேறெதுவும் பேசவில்லை. தன் நோவின் நடுவில் மற்றவனுடைய நோவை ஞாபகம் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது வயது போகப்போகத்தான் எனக்குத் தெரிகிறது. தமிழ்ச் சபைகளில் அந்த நாளைப் பற்றிய ஜெபம் இன்றைக்கும் போதாது.

சாவகச்சேரிக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வகுப்பறையைச் சேலைகளால் பிரித்துக் குடும்பங்கள் இருந்தன. எங்கள் போதகர் ஐயாவும் அங்கேதான் வந்து சேர்ந்தார். முதல் ஞாயிறு, மாமரத்தடியில் ஆராதனை. திருவிருந்துக்கு அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. "சமாதானத்தை மட்டும் பகிர்ந்துகொள்வோம்" என்றார் ஐயா.

எங்கள் திருச்சபை 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழி வந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தது. அந்தத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்தது. போதகர் பீடத்திலிருந்து தொடங்கி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு, அப்படியே சபை முழுக்கப் போகும். கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் படும். ஒவ்வொருவரும் தன் இடக்கையால் மற்றவரின் கையை மூடுவார். யாரும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் தந்தால்தான் உண்டு. அப்படி வாங்கியதை வைத்துக்கொள்ளவும் முடியாது, அடுத்தவரிடம் திரும்பவேண்டும்.

மாமரத்தடியில் அம்மாவுக்கு வந்த சமாதானம் அவருக்கு அடுத்ததாக இருந்த ஓர் இளம் தாயிடம் போகவேண்டும். நவாலியில் மகனைப் பறிகொடுத்தவர். அம்மா கையை நீட்டினார். அந்த அக்கா தன் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார். "எனக்கு வேண்டாம் அக்கா. மற்றப் பக்கம் குடுங்கோ."

எல்லோருக்கும் கேட்டது. அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. ஐயா ஆராதனையை முடித்துவிட்டு நேரே வந்து, வெள்ளை அங்கியோடு அந்த ஈரமண்ணில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு வசனமும் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது, அவருக்கு ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தார். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தார்.

அடுத்த ஞாயிறு, சமாதானம் பகிரமுன், ஐயா ஒரு புதுக் காரியம் செய்தார். "இந்த வருடம் நீங்கள் இழந்தவர்களின் பேரைச் சொல்லுங்கோ" என்றார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு முதியவர் வீதியில் செத்த தன் மனைவியின் பெயரைச் சொன்னார். பின்னால் ஒரு குரல். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்து வகுப்பறைச் சைவக் குடும்பங்களும் விறாந்தையில் நின்று தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொன்னார்கள். அந்த அக்கா கடைசியாகச் சொன்னார். பெயரையும் வயதையும் சொல்லி, "அவனுக்கு இடதுகால் செருப்பு இல்லை, அது என்னட்டை இருக்கு" என்றார். ஐயா அந்தப் பெயரைத் தன் வாயால் ஒருமுறை சத்தமாகச் சொன்னார். சமாதானம் வந்தபோது அந்த அக்கா கையை விரித்தார்.

அதன்பிறகு அவர் அழாமல் இருந்தார் என்று யாரும் நினைக்கவேண்டாம். இரவில் சேலைக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் முகாமில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தபோது, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கிக்கொண்டு இரவிரவாக இருந்தது அவர்தான். அழுதபடியே பருக்கினார்.

ஐயா பிறகொரு ஞாயிறில், மறுபக்கத்தில் சாகும் சிங்களப் பிள்ளைகளின் தாய்மாருக்காகவும் ஜெபித்தார். ஒரு தகப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். ஐயா அவரைக் குறை சொல்லவில்லை; அந்த ஜெபத்தை நிறுத்தவும் இல்லை. சில வாரங்களுக்குப் பிறகு அந்தத் தகப்பன் வந்து பின்வரிசையில் இருந்தார்.

ஐயா எதைப் பார்த்து இப்படிச் செய்தார் என்பது யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த நாள் மாலையில் சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இயேசு நடுவில் வந்து நின்று சமாதானம் சொல்கிறார். பிறகு தன் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அதன்பிறகு இரண்டாம் தடவை சமாதானம் சொல்லி, அவர்களை வெளியே அனுப்புகிறார். முதல் சமாதானத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் காயங்கள் இருக்கின்றன. மரணத்தை வென்றவருக்குத் தழும்புகளை மறைக்க முடியாமலா போயிற்று? அவர் மறைக்கவில்லை. நடந்த கொடுமை நடந்ததுதான் என்று தன் உடம்பில் காட்டிவிட்டுத்தான் சமாதானத்தைக் கையில் கொடுக்கிறார். அன்றைக்கு அங்கே இல்லாத தோமா, காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். ஒரு வாரம் கழித்து அவருக்காகவே இயேசு திரும்ப வருகிறார். மூன்றாம் தடவை சமாதானம் சொல்லி, காயங்களை அவர் முன் வைக்கிறார். மாமரத்தடியில் கையை மடக்கிக்கொண்ட அந்த அக்காவுக்கும் ஒரு வாரம் தேவைப்பட்டது.

காயத்தை மேலோட்டமாகத் தடவிவிட்டுச் சமாதானம், சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை எரேமியா கடுமையாகக் கண்டிக்கிறார். எங்கள் நாட்டில் அந்தக் கண்டனத்துக்கு வேலை இன்னும் முடியவில்லை. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போக, சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது. நாங்கள் மழையில் நடந்த அதே செம்மணி வெளியில்தான் அந்த ஆண்டு மாணவி கிருஷாந்தியும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொன்று புதைக்கப்பட்டார்கள். 1999இல் அங்கே தோண்டியபோது 15 பேரின் எலும்புகள் கிடைத்தன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புகளும், ஒரு நீலநிறப் பள்ளிப் பையும் அதற்குள் இருந்தன. பழையதைக் கிளறவேண்டாம், சமாதானமாக இருப்போம் என்று சொன்னவர்கள் அந்த மண்ணுக்கு மேல் நின்றுதான் அதைச் சொன்னார்கள்.

2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் தேவாலயத்தில் உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தில் மக்களின் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவவில்லை, கண்ணாடிப் பேழைக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். பழிவாங்கவேண்டாம் என்று கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கேட்டுக்கொண்டார். உண்மை வெளிவரவேண்டும் என்றும் இன்றுவரை கேட்கிறார். இரண்டையும் ஒரே வாயால் கேட்க முடியும் என்பதுதான் கிறிஸ்துவின் சமாதானம். வன்மம் இல்லாத நீதியும், மறதி இல்லாத மன்னிப்பும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதில்லை. தழும்புள்ள அந்தக் கைகளில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இந்தச் சமாதானம் எங்களைக் குண்டுகளிலிருந்து காப்பாற்றவில்லை. வீட்டையும் மீட்டுத் தரவில்லை. திரும்பிப் போனபோது கூரை இல்லை, அம்மம்மாவின் ஹார்மோனியமும் இல்லை. ஆனால் பயத்தின் நடுவில் இன்னொருவருக்குத் தண்ணீர் கொடுக்கிற கையை எங்களுக்குத் தந்தது. சிறையில் இருந்துகொண்டு புத்திக்கு எட்டாத சமாதானத்தைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதிய பவுலும், தன் விலங்கு கழன்ற பிறகு அதை எழுதவில்லை.

சபைகளில் இருக்கும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும், முக்கியமாகப் போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்திருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே செத்துப்போனவர்கள் அவர்களில் பலர். உங்கள் ஆலயத்தின் வாங்கிலும் அப்படி ஒருவர் இருப்பார். ஊரில் சாதிச் சண்டையில் மகனை இழந்தவராக இருக்கலாம். கணவன் கையால் அடிபட்டு வந்தவராக இருக்கலாம். எல்லாவற்றையும் ஆண்டவரிடம் விட்டுவிடுங்கோ என்று சொல்லி அவரை அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருங்கள். இழந்தவரின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சபையில் சத்தமாகச் சொல்லுங்கள். அதன்பிறகு சமாதானம் கொடுக்கக் கையை நீட்டுங்கள்.